செவிவழி ஆடல்: ஒலி விளையாட்டுகளின் கலைத்தரமும் விலைத்தகுதியும்

முன்னுரை

ஒலி விளையாட்டு என்பது திரையில் படமே இல்லாமலும், படம் இருப்பினும் அதன் துணையை நாடாமலும், கேட்கும் ஒலியை மட்டுமே கொண்டு ஆடி முடிக்கத்தக்க கணினி விளையாட்டாகும். பார்வையற்றோருக்கென எழுந்த இவ்வகை, இன்று தனக்கெனப் படைப்பாளர்களையும் சுவைஞர்களையும் கொண்ட ஒரு கலைவடிவமாக வளர்ந்துள்ளது. ஆயினும் தமிழ்த் திறனாய்வு இதன் பக்கம் பார்வையைத் திருப்பவில்லை. திரைப்படத்தையும் தொலைக்காட்சித் தொடரையும் ஆய்வுக்குரியவையாக ஏற்றுக்கொண்ட நம் கல்வித்துறைகள், விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் அதனைச் சிறுவர்க்குரியதென ஒதுக்கிவிடுகின்றன. அது பொருந்தாத ஒதுக்கீடு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

செந்தூலின் அடுக்குமாடி வீடொன்றில் பார்வையற்ற பிள்ளையை வளர்க்கும் தமிழ்க் குடும்பம், காசு கொடுத்து இத்தகைய விளையாட்டு ஒன்றை வாங்கலாமா என்று தமிழாசிரியரிடம் கேட்டால், அவர் என்ன மறுமொழி கூறுவார்? கலைத்தரத்தைப் பற்றிய வினாவும் விலைத்தகுதியைப் பற்றிய வினாவும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு விடை காண இயலாது.

செந்தூலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இரயில்வே பட்டறையைச் சுற்றி வளர்ந்த இப்பகுதி, தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பாக விளங்கியது. இதற்கு அண்மையிலுள்ள ஸ்தாப்பாக்கில் பார்வைக் குறைபாடுடைய மாணவர்க்கான சிறப்பு இடைநிலைப்பள்ளி இயங்குகிறது. செந்தூல் நிலையத்தில் கம்யூட்டர் வண்டி ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸ் சென்றுவிடலாம். 1951இல் தோற்றுவிக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் அமைந்துள்ளது. பிரெய்ல் நூல்களும் ஒலிநூல்களும் கொண்ட நூலகம் அச்சங்கத்தில் உண்டு. அவ்வட்டாரத்தின் நடைபாதைகளில் கால் உணரும் புடைப்புக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. பார்வையற்ற உடம்புபிடி வல்லுநர் பலர் அங்கே தொழில் செய்கின்றனர். ஆக, இவ்வினா கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்க்கு ஏட்டு வினா அன்று.

செவியின் கலை

ஒலியைக் கொண்டு இடத்தைக் காட்டுவது எங்ஙனம் இயலும் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். வலப்புறமிருந்து எழும் ஒலி வலக்காதை முதலிலும் இடக்காதைச் சற்றுப் பிந்தியும் அடைகிறது. அந்த இடைவெளி ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. எனினும் மூளை அதனைக் கணித்துத் திசையை அறிந்துகொள்கிறது. தலை மறைப்பதால் தொலைக்காதில் ஒலி மெலிகிறது; புறச்செவியின் மடிப்புகள் ஒலியின் நிறத்தை மாற்றி, மேலா கீழா, முன்னா பின்னா என்ற குறிப்பைத் தருகின்றன. இவற்றையெல்லாம் ஒலிப்பதிவிலேயே அமைத்து, இரு காதிலும் பொருத்திய ஹெட்போன் வழியே கேட்கச் செய்வதே இவ்விளையாட்டுகளின் அடிப்படை நுட்பம். இதிலுள்ள குறை, முன்னொலியும் பின்னொலியும் எளிதில் மயங்குதல். தேர்ந்த படைப்பாளர் அம்மயக்கம் நேராதவாறு கதைநிகழ்ச்சிகளை அமைத்துக்கொள்வர். தேராதவர் ஆடுபவரைக் குழப்பத்தில் விட்டுவிடுவர்.

நுட்பம் புதிது, உணர்வு புதிதன்று. குறுந்தொகையில் கொல்லன் அழிசி பாடிய 138ஆம் பாட்டை நினைவுகூர்தல் தகும். ஊர் உறங்கிய நள்ளிரவில், வீட்டருகே நொச்சிப் பூ உதிரும் ஓசையைக் கேட்டவாறு உறங்காதிருக்கும் நிலையை அப்பாட்டு காட்டுகிறது. பூ விழும் ஓசை கேட்கிறதென்றால் சுற்றிலும் எத்துணை அமைதி நிலவவேண்டும், கேட்பவர் எத்துணை விழிப்புடன் இருக்கவேண்டும் என்பதைப் புலவர் விளக்கிக் கூறவில்லை, விடவும் இல்லை. ஒலி விளையாட்டின் முழு இலக்கணமும் அவ்வோர் ஓசையில் அடங்கியுள்ளது எனலாம். அமைதியை ஆளத் தெரியாத படைப்பாளரால் ஒலியை ஆள முடியாது.

கேட்டலை ஓர் ஆடலாகவே நிகழ்த்திக் காட்டிய மரபும் நம்மிடம் உண்டு. அதுதான் கவனகக் கலை. செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் நூறு பொருள்களில் கவனம் செலுத்திச் சதாவதானம் நிகழ்த்தினார். வெண்பாவிற்கு ஈற்றடி கொடுப்பார் ஒருவர். முதுகில் எறியும் நெல்மணியை எண்ணச் சொல்வார் மற்றொருவர். இடையிடையே மணியடிப்பார் வேறொருவர். அத்தனையையும் நினைவில் நிறுத்தி இறுதியில் கூறுவது கவனகரின் ஆற்றல். அங்கே செவி கண்ணுக்கு மாற்றாக வரவில்லை. தானே ஓர் ஆற்றலாக நின்றது. ஓர் ஒலி விளையாட்டு நல்லதா அல்லதா என்பதை அளக்க இம்மரபே நமக்கு உரைகல்லாகிறது. ஆடுபவரின் செவியை அது குறையை ஈடுசெய்யும் கருவியாகக் கருதுகிறதா, அன்றி வளர்க்கத்தக்க ஆற்றலாகக் கருதுகிறதா?

நான்கு விளையாட்டுகள்

1997இல் ஜப்பானில் செகா சாட்டர்ன் கருவிக்காக வெளிவந்த 'ரியல் சவுண்ட்: காஸே நோ ரிக்ரெட்' இவ்வகையில் முன்னோடி எனத்தக்கது. இதனைப் படைத்த கெஞ்சி ஏனோ, தம் முந்தைய விளையாட்டுகளைப் பார்வையற்றோர் சிலர் பெருமுயற்சியுடன் ஆடி வந்ததை அறிந்து, அவர்களும் பார்வையுடையோரும் ஒரே நிலையில் நின்று ஆடத்தக்க ஒன்றை ஆக்க விழைந்தார். திரையில் ஒன்றுமே தோன்றாது. நடிகர்களின் உரையாடலாகக் கதை செல்லும். தெரிவு செய்யவேண்டிய இடத்தில் மணியோசை எழும். கதையை எழுதியவர் பின்னாளில் புகழ்பெற்ற திரைக்கதையாசிரியரான யூஜி சகாமோட்டோ. பேய், பூதம், போர் எதுவும் அதில் இல்லை. இளமைக் காதல், பிரிவு, தேடல் ஆகியனவே பொருள். நம் திணைமரபில் வைத்துப் பார்த்தால் அதனைப் பாலைக்குரியதெனத் தயங்காது கூறலாம்.

அதன் வரலாற்றில் இன்னொரு செய்தி குறிக்கத்தக்கது. இவ்விளையாட்டைத் தன் கருவிக்கு மட்டுமே தரவேண்டும் என்று செகா நிறுவனம் கேட்டபோது, பார்வையற்றோருக்கு ஆயிரம் சாட்டர்ன் கருவிகளை இலவசமாக வழங்கவேண்டும் என்பதை ஏனோ நிபந்தனையாக வைத்தார். விளையாட்டின் ஆயிரம் படிகளைத் தம் பக்கமிருந்து சேர்த்தளித்தார். விளையாட்டுப் பெட்டியில் பிரெய்ல் எழுத்திலான விளக்கத்தாளும் விதைகள் கொண்ட சிறு பையும் இருந்தன. காண முடியாத காட்சிக்கு ஈடாக, தொட்டு வளர்க்கத்தக்க ஒன்றைத் தந்த அவ்வெண்ணம் நயமானது. எனினும் அது ஜப்பானிய மொழியில் மட்டுமே அமைந்தது. இன்று நம்மவர்க்கு அது ஆடுபொருளன்று, ஆய்வுப் பொருளே.

இலண்டனைச் சேர்ந்த நிறுவனமொன்று 2010இல் ஐபோனுக்காக வெளியிட்ட 'பாப்பா சாங்ரே' வேறு பாதையில் சென்றது. ஆடுபவர் இறந்தோர் உலகில் இருளில் நிற்கிறார். திரையின் அடியில் இடமும் வலமும் மாறி மாறித் தட்டினால் காலடி எழும். விரைந்து தட்டினால் ஓட்டம். தாளம் தவறினால் இடறி விழுதல். உறங்கும் விலங்கின் மூச்சு ஒருபுறம் கேட்கும். காலடியில் எலும்பு நொறுங்கினால் அது விழித்துக்கொள்ளும். இத்துணை எளிய அமைப்பைக் கொண்டு இத்துணை நடுக்கத்தை உண்டாக்கிய பிறிதொரு விளையாட்டை இக்கட்டுரையாளர் கண்டதில்லை; கேட்டதில்லை என்பதே பொருந்தும்.

இவ்விடத்தில் தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளை எண்ணிப்பார்க்கலாம். எண்வகை மெய்ப்பாட்டுள் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினை அவர் வகுக்கிறார். 'பாப்பா சாங்ரே'யில் முன்னிரண்டும் உள்ளன. அடுத்து நாம் பார்க்கவிருக்கும் இரு விளையாட்டுகளில் பின்னிரண்டும் உள்ளன. கொடுங்கோல் மன்னனும் வழிப்பறி செய்வோரும் அவற்றில் வருகின்றனர். ஒலி விளையாட்டுகளில் பெரும்பாலானவை அச்சம் என்ற ஒரு மெய்ப்பாட்டையே சார்ந்து நிற்பது ஏன்? காணாத ஒலி அச்சம் தரும் என்பது எளிய விடை. ஆனால் அது பார்வையுடையவரின் விடை. விளக்கணைந்தால் நடுங்குபவர் அவர்தாம். பிறவியிலேயே பார்வையற்றவருக்கு இருள் என்ற ஒன்று தனியே இல்லை. நாள்தோறும் ஒலிகளால் ஆன உலகில் சந்தைக்குச் செல்பவரிடம், ஒலியால் ஆன உலகம் ஒரு பேயுலகம் என்று சொல்வது கற்பனையா, அறியாமையா? நகையும் உவகையும் மருட்கையும் செவிக்கு எட்டாதவை அல்லவே. வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த மலேசியத் தமிழர்க்கு இதனைச் சொல்லித் தெரிவிக்கவேண்டியதில்லை.

பிரான்சு நாட்டின் டோவினோ குழுவினர் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 2015இல் வெளியிட்ட 'எ பிளைண்ட் லெஜன்ட்' பார்வையற்ற வீரன் ஒருவனின் கதை. எட்வர்ட் பிளேக் என்பான் தன் மகள் லூயிசின் குரலைப் பற்றிக்கொண்டு நடந்து, கவர்ந்து செல்லப்பட்ட மனைவியை மீட்கச் செல்கிறான். ஒலிப்பதிவு சிறப்புடையது. ஆனால் ஆடுபவர் செய்வதெல்லாம், மகள் நிற்கும் திசை நோக்கி நகர்வதும், வாளோசை எழும் பக்கம் விரலை இழுப்பதுமே. காட்டின் ஒலிகள் பின்னணியாக நிற்கின்றனவேயன்றி, அவற்றை ஆராய்ந்து வழி தேடவேண்டிய தேவை நேர்வதில்லை. வழிகாட்டும் குரல் உள்ளவரை செவிக்கு வேலையில்லை. நம் உரைகல்லில் உரைத்தால் இங்கே மாற்றுக் குறைவு தெரிகிறது. வீரன் என்று பெயரளவில் சொல்லப்பட்டவன் குழந்தையின் கையில் உள்ளான். கைப்பேசியில் விலையின்றி ஆடத் தந்து, உயிர்கள் தீர்ந்ததும் காத்திரு அல்லது காசு கொடு என்று கேட்கும் முறையும் கதையின் பெருமிதத்தைக் குலைக்கிறது.

கனடாவின் ஃபாலிங் ஸ்குவிரல் குழு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட 'தி வேல்: ஷேடோ ஆஃப் தி கிரவுன்' இக்குறைகளை உணர்ந்து எழுந்தது போலத் தோன்றுகிறது. அந்நாட்டுப் பார்வையற்றோர் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் உருவானது இது. தலைவி அலெக்ஸ் பிறவியிலேயே பார்வையற்ற இளவரசி. உடன்பிறந்தவன் அரசேற்றதும் எல்லைக் கோட்டைக்கு அனுப்பப்படும் அவளது பயணக் கூட்டம் தாக்குதலுக்கு உள்ளாகிறது. அங்கிருந்து அவள் ஊர் திரும்புவதே கதை. போரில் பகைவனின் மூச்சும் கவசத்தின் உராய்வும் இடம், வலம், நேர் என எப்பக்கத்தில் எழுகின்றன என்று கேட்டுக் கேடயத்தைத் திருப்பவேண்டும். அடி விழும் முன் எழும் ஓசையைக் கேட்டு எதிரடி கொடுக்கவேண்டும். ஊர்ச்சந்தையில் கொல்லனின் சம்மட்டி ஒலி அவன் கடையைக் காட்டும். இங்கே செவி ஆற்றலாகிறது. ஆட ஆடக் கூர்மையடைகிறது. கதையின் ஓட்டமும் அவளுக்குப் பார்வை கிடைப்பதை நோக்கிச் செல்லவில்லை. பார்வையற்ற பாத்திரத்தைப் படைத்தால் ஒன்று இரக்கத்திற்கோ மற்றது இறுதிக்காட்சி அறுவைச் சிகிச்சைக்கோ பயன்படுத்தும் திரைக்கதைகளுக்குப் பழகிய நமக்கு ('ராஜபார்வை' போன்ற விலக்குகள் உண்டு) இது தெளிந்த நீர் குடித்தாற்போல் உள்ளது. நடுப்பகுதியில் ஒரே வகைப் போர் மீண்டும் மீண்டும் வந்து சலிப்பூட்டுவதை மறைப்பதற்கில்லை. ஆயினும் நான்கனுள் இதுவே முதன்மையானது.

விலையும் உடைமையும்

'தி வேல்' வெளிவந்தபோது அதன் விலை 20 அமெரிக்க டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் அது 80 ரிங்கிட்டைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச மாத ஊதியத்தை 26 நாள்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட் ஆகிறது. ஒரு நாள் கூலியினும் மிகுதியான தொகையைச் சில மணி நேரக் கதைக்குச் செலவிடவேண்டும். கணினியோ எக்ஸ்பாக்ஸ் கருவியோ, இரட்டைக்குச்சிகள் கொண்ட கைக்கருவியோ இல்லாத வீட்டில் செலவு இன்னும் கூடும். எனவே விலைக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்பது கருமித்தனம் ஆகாது.

பொழுதுபோக்கு என்ற அளவில் அத்தொகை தகும் என்றே கூறவேண்டும். அண்ணன் தம்பியர் திரை பார்த்து ஆடும்போது அறையின் ஓரத்தில் ஒலியை மட்டும் கேட்டு அமர்ந்திருந்த பிள்ளை, இவ்விளையாட்டில் அவர்களை வெல்லக்கூடும். பார்வையுடையவர் இங்கே தடுமாறுவர். பழகிய செவியுடையவர் முந்துவர். ஒரு குடும்பத்திற்குள் இத்தகைய இடமாற்றம் நிகழ்வதற்கு 80 ரிங்கிட் மிகையன்று.

ஆனால் உடைமை என்ற அளவில் தயக்கம் எழுகிறது. 'பாப்பா சாங்ரே'யை இன்று வாங்க இயலாது. ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. கைப்பேசியின் இயங்குதளம் மாறிக்கொண்டே வர, பழைய படிகளும் பயனற்றுப்போயின. திறனாய்வாளர் பலர் போற்றிய ஒரு படைப்பு சில ஆண்டுகளிலேயே கேட்கக் கிடைக்காமல் மறைந்தது. நூலை வாங்கினால் பேரனுக்கும் கிடைக்கும். இவற்றை வாங்கினால் ஆடும் உரிமை மட்டுமே கிடைக்கிறது. நூலகம் ஒன்று இவற்றை வாங்கி வைத்துப் பலருக்கு வழங்கவும் தனியாள் உரிம முறை இடந்தருவதில்லை. ஓலைச்சுவடிகளைக் கரையானிடமிருந்து மீட்ட வரலாறு கற்பிக்கும் துறையினர், இவ்வழிவை நினைத்தால் துணுக்குறுவர்.

ஒலிக்கு மட்டும் உரிய விளையாட்டை வாங்குவதினும், பெருநிறுவனங்களின் பொது விளையாட்டுகளை வாங்கலாம் என்றொரு கருத்தும் உண்டு. 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2' அறுபதுக்கும் மேற்பட்ட துணை வசதிகளைக் கொண்டிருந்தது. பார்வையற்றோர் அதனை முழுமையாக ஆடி முடித்தனர். 2023இன் 'ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்' பார்வையற்றோர் கார் ஓட்டுவதற்கென ஒலிக்குறிப்புகளைத் தந்தது. வரவேற்கத்தக்கவையே. எனினும் அவை கண்ணுக்காகப் படைக்கப்பட்டுச் செவிக்குப் பெயர்க்கப்பட்டவை. மொழிபெயர்ப்பில் கவிதை படிப்பதற்கு ஒப்பானது அது. அவற்றுக்குரிய கருவிகளின் விலையையும் செந்தூல் குடும்பம் எண்ணிப்பார்க்கவேண்டும்.

இன்னொரு சிறு செய்தி. இரு காதையும் ஹெட்போனால் அடைத்துக்கொள்ளும் பார்வையற்றவர் தம் சுற்றுப்புறத்தோடு கொண்ட தொடர்பையே துண்டித்துக்கொள்கிறார். கதவு திறக்கும் ஓசையும் அடுப்படி ஓசையும் அவருக்குச் செய்திகள். வீட்டில் ஒருவர் உடனிருக்கும் பொழுதில் ஆடுவதே நன்று.

தமிழின் இடம்

மேற்கூறிய நான்கிலும் தமிழ் இல்லை. ஒலி விளையாட்டில் மொழி என்பது கதையைச் சொல்லும் கருவி மட்டுமன்று. அதுவே காட்சி, அதுவே நிலம். படவிளையாட்டை மொழி தெரியாமலும் ஆடலாம். ஒலி விளையாட்டை அங்ஙனம் ஆட இயலாது. 'தி வேல்' பேசும் ஆங்கிலம் இடைக்கால ஐரோப்பிய அரண்மனைக்குரிய ஆங்கிலம். தமிழ்ப்பள்ளியில் பயிலும் பத்து வயதுப் பிள்ளைக்கு அது முதல் தடை. பதினான்கு, பதினைந்து வயதை எட்டி, ஆங்கிலம் கேட்டுப் பழகிய பின்னரே அதனை வாங்கித் தரலாம் என்பதே இக்கட்டுரையாளர் பெற்றோர்க்குக் கூறும் கருத்து. அதற்கு முன் வாங்கினால் அரைநாளில் மூலையில் கிடக்கும்.

அதுவரை பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன செய்வது? 2011இல் தொடங்கிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் கேட்டலையும் பேச்சையும் மொழித்திறன்களின் வரிசையில் முன்னிறுத்தியது. நடைமுறையில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் தரப்படும் உழைப்பில் சிறு பகுதிகூடக் கேட்டலுக்குத் தரப்படுவதில்லை. இங்கேதான் ஆசிரியர்க்கு ஒரு வாய்ப்பு உள்ளது. டுவைன் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, ஆடுபவரின் தெரிவிற்கேற்பக் கிளைபிரியும் கதையை நிரலாக்கம் கற்காத ஒருவரும் தமிழிலேயே எழுதலாம். அது சாதாரண இணையப்பக்கமாக அமைவதால், பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதனைப் படித்துக் காட்டும். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவரால் தொடங்கப்பட்ட என்விடிஏ திரைவாசிப்பானும் விலையற்றதே; அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் பேசும். உணர்ச்சியற்ற இயந்திரக் குரல்தான். ஆனால் அதற்கு இளமையிலேயே பழகிவிடும் பிள்ளைகள், பார்வையுடையோர் பின்தொடர இயலாத விரைவில் அதனைக் கேட்கின்றனர்.

குரல் வேண்டுமெனின் அதற்கும் இந்நாட்டில் பஞ்சமில்லை. மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவு வளர்த்த நாடகக் கலைஞர்கள் பலர், காலடி ஓசையும் கதவோசையும் எங்ஙனம் எழுப்புவதென்று அறிந்தவர்கள். இருபது நிமிடக் கிளைக்கதை ஒன்றுக்கு அவர்களுள் மூவரும், அமைதியான அறையொன்றும், ஒரு நாளும் போதும். கதைக்களத்தையும் தேடி அலையவேண்டியதில்லை. செந்தூல் நிலையத்தில் வண்டி வந்து நிற்கும் ஓசை, கோயில் மணி, தொழுகை அழைப்பு, ரொட்டிச்சானாய் மாவைக் கல்லில் அறையும் ஓசை, மழை தகரக் கூரையில் விழும் ஓசை ஆகியவற்றை வரிசை மாற்றிக் கொடுத்து, கடைக்குச் சென்று வீடு திரும்பும் வழியைக் கண்டுபிடிக்கச் சொன்னால், அப்பகுதியில் வளரும் பார்வையற்ற பிள்ளை ஒன்று பகைவனின் வாளோசையினும் ஆர்வத்துடன் அதனைக் கேட்கும். இதில் அணங்குமில்லை, கள்வருமில்லை. வழி தவறி வேறொரு தெருவில் நிற்கும்போது பிறக்கும் நகை உண்டு. வீட்டுக் கதவின் பழகிய கிறீச்சொலி கேட்கும்போது பிறக்கும் உவகை உண்டு. தமிழ் பயிலும் பல்கலைக்கழக மாணவர் தம் இறுதியாண்டு ஆய்வேட்டிற்குப் பதிலாக இத்தகைய கதை ஒன்றை ஆக்கித் தரலாம் எனத் துறைகள் இடமளித்தால், முதல் படியை ஸ்தாப்பாக் பள்ளி மாணவரிடமே கொடுத்துக் கேட்கச் செய்து திருத்திக்கொள்ளலாம்.